உண்டியலில் போட்ட கதை

திருத்தணி
3-9-2025

தணிகை முருகன் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்க, நாத்தனார் புஷ்பலதாவுக்கு அண்ணி தமயந்தி எழுதுவது.

கவரில் என் கையெழுத்தைப் பார்த்த பிறகும் நீ இதைப் பிரித்திருக்கிறாய் என்றால் அதுவே எனக்குப் பெரிது. இரண்டரை வருஷத்துக்கு முன்னால், “இனிமே என்னாண்ட பேசாதீங்க அண்ணி” என்று சொல்லி போனை வைத்தாய். பேசாதே என்றுதான் சொன்னாய். எழுதாதே என்று சொல்லவில்லை. அந்தச் சந்தில் நுழைந்து வருகிறேன்.

நடந்ததை மூடிப் பேச வரவில்லை. போகிக்குப் பரணைத் துடைத்தபோது உன் தகரப்பெட்டியில் இருந்த ஒன்பது நோட்டுகளையும் கிழிந்த பாயோடு சேர்த்து நான்தான் கொளுத்தினேன். கல்யாணத்துக்கு முன்னால் நீ கதை கதையாக எழுதி வைத்த நோட்டுகள். பள்ளிக்கூட நோட்டு என்று நினைத்துவிட்டேன் என்று அன்றைக்கே சொன்னேன். நீ நம்பவில்லை. அன்றிலிருந்து நீ பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. உன் அண்ணன் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் உன் ஊர் மணவூர் வழியாகப் போகும் ரயிலில் ஏறினால் அந்த ஸ்டேஷன் வரும்போது எழுந்து கதவருகே போய் நிற்கிறார்.

இப்போது எழுதுவது வேறு சங்கதிக்காக. சிரிக்காதே. நான் கதை எழுதுகிறேன்.

போன தை மாதத்திலிருந்து. உன் அண்ணன் கழனிக்குப் போய், துர்கா காலேஜ் பஸ்ஸைப் பிடித்த பிறகு, குக்கர் அடங்கும் வரை சமையல் மேடை மேலேயே தாளை வைத்து நின்றுகொண்டு எழுதுவேன். உட்கார்ந்தால் யாராவது கூப்பிடுகிறார்கள். நின்றால் ஏதோ வேலை செய்கிறாள் என்று விட்டுவிடுகிறார்கள். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, பால் வராத நாள் எல்லாம் குறிக்கும் நோட்டில் கடைசிப் பக்கத்தை ஒதுக்கி, இன்றைக்கு எத்தனை வரி என்று குறித்துவருகிறேன். சில நாள் நான்கு வரி. கிருத்திகை விரதத்தன்று இருபது வரி வருகிறது. வயிறு காலியாக இருந்தால் எழுத்து வருமா? இது எல்லாருக்கும் உண்டா, எனக்கு மட்டும்தானா? எட்டாவதோடு நின்றவள், எனக்கு இதையெல்லாம் யார் சொல்வார்கள்?

ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் ஒரு கதை முடிந்தது. பதினான்கு பக்கம். மலைக்கு முடி காணிக்கை கொடுக்க வந்த ஒரு பெண், பாதித் தலை மழித்திருக்கும்போது எழுந்து போய்விடுகிறாள். அதுதான் கதை. முதலில் விளைந்தது முருகனுக்கு என்பதால் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, மடித்து, படியேறிப் போய் உண்டியலில் போட்டேன். மனசு நிறைந்து இறங்கினேன். கீழே பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பத்திரிகையில் சிறுகதைப் போட்டி அறிவிப்பு. அக்டோபர் முப்பத்தொன்று கடைசி நாள். என்னிடம் நகல் இல்லை.

“ஏம்மா, போட்டோகூடவா எடுத்து வெச்சிக்கல?” என்கிறாள் துர்கா. சாமிக்குக் கொடுப்பதை யாராவது போட்டோ எடுப்பார்களா?

நம் சொந்தத்தில் எழுத்தோடு பழக்கமுள்ளவள் நீ ஒருத்திதான். தினம் ரயிலேறிப் போய், இருபது வருஷமாகச் சென்னை அச்சகத்தில் அடுத்தவர் எழுதியதைப் பிழை பார்த்துத் திருத்துகிறாய். அதனால் கேட்கிறேன். போன கதையைத் திரும்ப எழுத முடியுமா? அதைவிட முக்கியமாக இன்னொன்று. உன் நோட்டுகளைக் கொளுத்தினவள் எழுத நிற்கலாமா? நீ கூடாது என்றால் பேனாவை மூடி வைத்துவிடுவேன். மலைமேல் இருப்பவன்மேல் ஆணை.

மாப்பிள்ளை குமரேசனை விசாரித்ததாகச் சொல்.

அண்ணி


மணவூர்
11-9-2025

அண்ணிக்கு,

உண்டியலிலா போட்டீர்கள்? உங்கள் கடிதத்தை ரயிலில் படித்தேன். வேப்பம்பட்டு தாண்டும்போது சத்தமாகச் சிரித்துவிட்டேன். எதிரே இருந்த அம்மா, “நல்ல சேதியாம்மா?” என்று கேட்டார். ஆங் என்று சொல்லிவைத்தேன். உங்கள் கடிதத்துக்குச் சிரித்ததில் என்மேலேயே எனக்குக் கோபம்.

எழுதலாமா கூடாதா என்பதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அதை என் தலையில் கட்டாதீர்கள். கூடாது என்றால் நீங்கள் தியாகி. எழுதுங்கள் என்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆகும். இரண்டுக்கும் நான் தயாராக இல்லை.

தொழில் சங்கதிக்கு மட்டும் சொல்கிறேன். திரும்ப எழுத முடியும். எங்கள் அச்சகத்துக்கு வரும் சுந்தரமூர்த்தி என்பவர் ஒரு முழு நாவலை ஷேர் ஆட்டோவில் விட்டுவிட்டார். மூன்று மாதம் தாடி வளர்த்துக்கொண்டு திரிந்தார். பிறகு உட்கார்ந்து எழுதினார். பழையதில் பாதிதான் வந்தது. “மீதிப் பாதி ஆட்டோக்காரனுக்கே சேரட்டும், அது வேண்டாததும்மா” என்று அவரே சொன்னார்.

முதல் வரியிலிருந்து தொடங்காதீர்கள். எந்த இடம் கண்ணுக்குள் நிற்கிறதோ அங்கே தொடங்குங்கள். என்ன எழுதினோம் என்று யோசிக்காமல், என்ன நடந்தது என்று யோசியுங்கள். தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள், இடது ஓரத்தில் மூன்று விரல் இடம் விட்டு. மறுநாள் நீங்களே உங்களைத் திருத்த அந்த இடம் வேண்டும். இந்த முதல் பக்கம் இருக்கிறதே, அதைக் கையால் மூடிக்கொண்டு இரண்டாம் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். நான் பிழை பார்த்த கதைகளில் முக்கால்வாசிக்கு ஒன்றும் குறையவில்லை. கதை சொல்வது நீங்களாக இருந்தால் எழுத்துத் தமிழில் சொல்லுங்கள், ஆட்கள் வாயைத் திறந்தால் அவர்கள் பேசுகிற மாதிரியே பேசட்டும். எல்லாம் முடிந்ததும் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே ஒரு பொய் இருக்கும், இல்லையென்றால் ஒரு சோம்பல் இருக்கும்.

விரதத்தன்று இருபது வரி வருவதற்குக் காரணம் அன்றைக்கு மத்தியானச் சமையல் இல்லாததுதான். முருகனை இதில் இழுக்காதீர்கள்.

ஒரு சந்தேகம். அந்தப் பெண் ஏன் எழுந்து போனாள்? அதை நீங்கள் சொல்லவே இல்லையே.

புஷ்பலதா

பள்ளிக்கூட நோட்டு என்று நினைத்தீர்கள் என்பதை நான் இப்போதும் நம்பவில்லை.


திருத்தணி
19-9-2025

தணிகையான் அறிய, புஷ்பாவுக்கு அண்ணி எழுதுவது.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. நீ சொன்னபடி மூன்று விரல் வைத்துக் கோடு போட்டேன். என் விரல் தடிமன், நான்கு விரல் இடம் போய்விட்டது.

அவள் ஏன் எழுந்து போனாள் என்று கேட்டிருந்தாய். எனக்கும் தெரியாது. அது தெரிந்துகொள்ளத்தான் எழுதினேன் போலிருக்கிறது. கண்ணுக்குள் நிற்கும் இடத்தில் தொடங்கு என்றாயே, எனக்கு நின்றது முடி மழிக்கும் இடம். ஆனால் எழுத ஆரம்பித்தால் கத்தி முதலில் எங்கே படும், தண்ணீர் யார் தெளிப்பார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷமாக மலைக்குப் போகிறேன், சாமியைப் பார்த்தேனே தவிர அதைப் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை போய் ஓரமாக நின்றேன். மழிக்கிற அம்மா ஒருத்தி, “இன்னாமா, மொட்டையா? வா, ஒக்காரு” என்றாள்.

“இல்ல, சும்மா பாக்கறேன்.”

“மொட்டைல பாக்கறதுக்கு இன்னா கீது?”

“பாதியில யாருனா எழுந்து போவாங்களாம்மா?”

“கொழந்தைங்க ஓடும். பெரியவங்க எங்க ஓடறது? நடு மண்டையில ஒரு இழுப்பு இழுத்துட்டோம்னா அப்புறம் எந்த மூஞ்சோட வெளிய போவாங்க? அதுக்குத்தான் நாங்க நடுவுலருந்து ஆரம்பிக்கிறது.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். “நீ எழுந்து போறவ மாதிரிதான் கீற” என்றாள் என்னைப் பார்த்து.

வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் மூன்று பக்கம் எழுதினேன். சாதம் குழைந்துவிட்டது. உன் அண்ணன் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அப்புறம் வாய்விட்டுப் படித்தேன். கதையில் எங்கேயும் தடுக்கவில்லை. உனக்கு எழுதிய முதல் கடிதத்தில் தடுத்தது. அதற்கு நகல் வைத்திருக்கிறேன், இப்போது எதற்கும் நகல் வைக்கிறேன். அதில் எனக்கு இரண்டு இடத்தில் நாக்கு நின்றுவிட்டது.

பள்ளிக்கூட நோட்டு என்று நினைத்தேன் என்பது பொய். எட்டு நோட்டை நான் பிரித்துப் பார்க்காமல் போட்டேன், அது உண்மை. ஒன்பதாவது கையிலிருந்து நழுவி விரிந்து விழுந்தது. எடுத்தேன். நெருப்பு வெளிச்சத்தில் படித்தேன். ஆறு பக்கம் படித்தேன், புஷ்பா. கதை என்று தெரிந்தது, உன்னுடையது என்றும் தெரிந்தது. உள்ளே எடுத்துப் போய்விடலாம் என்று திரும்பினேன். ஆனால் போகிக்கென்று வெளியே போட்டதைத் திரும்ப உள்ளே எடுக்கக்கூடாது, மூதேவியும் கூடவே வந்துவிடுவாள் என்று எங்கள் அம்மா சொல்லி வளர்த்தது காலைப் பிடித்தது. வாசப்படியில் நோட்டோடு நின்றேன். “இன்னும் இன்னா பண்ணிகினு கீற, விடிஞ்சிபோச்சி” என்று உன் அண்ணன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். போட்டுவிட்டேன்.

இன்னொரு பொய், முதல் விளைச்சல் என்று சொன்னது. என் கதையில் பாதித் தலை மழித்ததும், ‘அவள் பிடரியில் முதல்முறையாகக் காற்று பட்டது’ என்று ஒரு வரி. அதில் எனக்கு ரொம்பப் பெருமை. கதை முடிந்து படித்துப் பார்த்தபோதுதான் சுருக்கென்றது. உன் ஆறு பக்கத்திலும் பிடரியில் காற்று பட்டது. என் வரியா, உன் வரியா? நோட்டையும் கொளுத்திவிட்டு, அதிலிருந்த வரியையும் எடுத்துக்கொண்டேனா? அதற்குக் கீழே என் பெயரை எப்படிப் போடுவது? பெயர் போடாமல் கொடுக்கக்கூடிய ஒரே இடம் உண்டியல். அதனால் போட்டேன்.

அந்த வரி உன்னுடையதா? சொல். உன்னுடையது என்றால் கதையே வேண்டாம்.

அண்ணி


மணவூர்
30-9-2025

அண்ணிக்கு,

ஆறு பக்கம் படித்துவிட்டுப் போட்டீர்கள்.

நம்பவில்லை என்று எழுதினேனே தவிர, தெரியாமல்தான் செய்திருப்பீர்கள் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டுதான் இருந்தேன் போலிருக்கிறது. அதுவும் போயிற்று. ஒரு வாரம் உங்கள் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு போய்வந்தேன். வாசப்படியில் நின்றேன் என்கிறீர்களே, ஒரு எட்டு, அண்ணி. ஒரே ஓர் எட்டு உள்ளே வைத்திருக்கலாம். மூதேவியை நான் மணவூருக்குக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். ‘அது என் வரிதான், தொடாதீர்கள்’ என்று இரண்டு வரி எழுதிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள வேண்டும் என்று. எழுதும் முன்னால் என் வரி எப்படி இருந்தது என்று யோசித்தேன்.

வரவில்லை. பிடரி, காற்று எதுவும் வரவில்லை. சரி, அந்த நோட்டில் வேறு என்ன எழுதினேன்? வரவில்லை. மற்ற எட்டில்? ஒரு கதைக்கு ‘கானல்’ என்று பெயர் வைத்த ஞாபகம் இருக்கிறது. யாருக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். அடுத்தவர் கதையில் பன்னிரண்டாம் பக்கத்தில் பெரியப்பா என்று வந்தவர் நாற்பதாம் பக்கத்தில் சித்தப்பா ஆனால் கண்டுபிடிக்கிறவள் நான். என் ஒன்பது நோட்டில் ஒரு வரி ஞாபகம் இல்லை. குமரேசனிடம் சொன்னேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “அப்ப இத்தினி நாளா எத நெனச்சி அழுதுகினு இருந்த?” என்றார். சோறு போடாமல் எழுந்து போய்விட்டேன்.

ஆகவே அந்த வரி யாருடையது என்று என்னால் சொல்ல முடியாது. சொல்லக்கூடியது இவ்வளவுதான். காற்று படுவதற்கு யாரும் பட்டா வாங்கவில்லை. எங்கே படித்தோம் என்று தெரியாமலே ஆயிரம் வரி எல்லார் கைக்கும் வருகிறது. பார்க்க வேண்டியது வேறு. அந்தக் காற்று உங்கள் பெண்ணை என்ன செய்தது? அது பட்டதால்தான் எழுந்தாள் என்றால் அது உங்களுடையது, வைத்துக்கொள்ளுங்கள். படிக்க அழகாக இருக்கிறதே என்று ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள், அது யாருடையதாக இருந்தாலும்.

கதை வேண்டாம் என்று சொல்லி என்னைப் பயமுறுத்தாதீர்கள். ஒரு மாதம் இருக்கிறது.

இன்னொன்றும் கேட்கிறேன். கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் நோட்டைப் படித்தவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். நான் யாரிடமும் காட்டியதே இல்லை. அந்த ஆறு பக்கத்தில் என்ன இருந்தது? நன்றாக இருந்ததா? எனக்காகப் பொய் சொல்லாதீர்கள்.

புஷ்பலதா


திருத்தணி
9-10-2025

முருகா, இந்தக் கடிதத்திலாவது என் நாக்கைத் தடுக்காமல் வை.

புஷ்பா, முதலில் ஒரு கூத்தைக் கேள். அடுத்த தெரு கௌரியம்மாள் கோயில் உண்டியல் எண்ணுவதற்குச் சேவைக்குப் போவாள், உனக்குத் தெரியும். திங்கட்கிழமை கறிவேப்பிலை கொடுக்க வந்தவள் சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“தமயந்தி, உண்டியல்ல யாரோ முருகனுக்குப் பதினாலு பக்கம் கடுதாசி போட்டுகீறா. நாலு மூலையும் மஞ்சா.”

நான் கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. “வேண்டுதலா இருக்கும்.”

“வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. கதைடீ! ஒருத்தி மொட்டை அடிக்க வந்து பாதியில எழுந்து போறா. நான் படிக்கப் படிக்க, சுத்தி நாலு பேரு சில்லறைய உட்டுட்டுக் கேட்டுகினு இருந்தாளுங்க. ஆபீசர் வந்து, எண்றதுக்கு வந்தீங்களா, கதை கேக்க வந்தீங்களான்னு வாங்கித் தனியா வெச்சிட்டாரு.”

“அப்படி இன்னா கீது அதுல?”

“பாதி தலையோட படி எறங்கறா. உச்சி வெயிலு. முந்தானைய எடுத்துத் தலையில போட்டுக்கறா. நாலு படி எறங்கறா. அப்புறம் இன்னா தோணுச்சோ, முந்தானைய எடுத்துட்டு வெறும் தலையோட எறங்கறா. அந்த எடம்டீ! எனக்குக் கையெல்லாம் சில்லுனு ஆயிடுச்சி.”

“காத்து பட்டுதுன்னு எதுனா...”

“காத்தா? காத்து ஒண்ணும் இல்லியே. வெயிலுதான்.” கத்தரிக்காய்த் துண்டு ஒன்றை எடுத்து என் பக்கம் நீட்டினாள். “வீட்டுக்குப் போனாளா, திரும்ப மேல போனாளா? அதுக்குள்ள அந்த மனுஷன் புடுங்கிட்டாரு. மூணு நாளா எனக்கு அதே நெனப்பு. எவ எழுதினாளோ பாவி, கையில கெடச்சா உடமாட்டேன்.”

அவள் போன பிறகு புதிதாக எழுதியதை எடுத்துப் பார்த்தேன். முந்தானை இல்லை! போன தடவை ஏதோ அவசரத்தில் எழுதின இரண்டு வரி, திரும்ப எழுதும்போது எனக்கே மறந்துவிட்டது. நான் பெட்டிக்குள் நகை மாதிரி பொத்தி வைத்திருந்த காற்று, படித்தவள் காதில் விழவே இல்லை. ஏன் அப்படி? எழுதினவளுக்குத் தெரியாதது கேட்டவளுக்கு எப்படித் தெரிகிறது? நீ சொன்ன கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன், காற்று பட்டதால் எழுந்தாளா என்று. இல்லை. அழகுக்குத்தான் ஒட்டியிருந்தேன். எடுத்துவிட்டேன். முந்தானையைத் திரும்ப வைத்தேன்.

அவள் ஏன் எழுந்தாள் என்பதும் அப்போது தெரிந்தது. அந்த முடியை வேண்டிக்கொண்டது அவள் இல்லை. மகனுக்கு உடம்பு சரியானால் மருமகள் முடியைத் தருகிறேன் என்று மாமியார் வேண்டிக்கொண்டது. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாதித் தலையோடு உட்கார்ந்திருக்கும்போதுதான் அது அவளுக்கு உறைக்கிறது. போன தடவை, எழுந்து போனவளைக் கடைசியில் திரும்ப மேலே அனுப்பி முழு மொட்டை அடித்து அனுப்பினேன். முருகன் கோபித்துக்கொள்வான் என்று பயம். இந்தத் தடவை படியிலேயே விட்டிருக்கிறேன். அவன் கோபிக்க மாட்டான் என்றுதான் தோன்றுகிறது. தலை கொடுக்க வேண்டியவளைக் கேட்காமல் செய்த வேண்டுதலை அவன் மட்டும் ஏன் வாங்க வேண்டும்?

இனி நீ கேட்டது. பொய் சொல்லாதே என்றாய். உன் ஆறு பக்கத்தில் முதல் இரண்டும் நன்றாக இல்லை. நிலா, மேகம், கண்ணீர் என்று யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்தது. மூன்றாம் பக்கத்தில் ரயில் வந்தது. அரக்கோணத்தில் ஒரு பழக்காரி கூடையை இறக்க ஆள் தேடுகிறாள். ஒருத்தரும் எழவில்லை. ஜன்னலோரம் இருந்த பெண் பின்னலைச் சுருட்டி மேலே முடிந்துகொண்டு எழுந்து போகிறாள். அப்போதுதான் பிடரியில் காற்று. அவள் கைகொடுத்ததும் கூடை சாய்ந்து பழம் உருண்டது. “இது இன்னா கையா, காகிதமா? எவ பெத்தா உன்ன?” என்று பழக்காரி திட்டுகிறாள். அந்தப் பெண் உருண்ட பழத்தைப் பொறுக்கிக்கொண்டே சிரிக்கிறாள்.

நானும் சிரித்தேன், புஷ்பா. எரிந்துகொண்டிருந்த நெருப்புக்குப் பக்கத்தில் நின்று சிரித்தேன். நம் பக்கத்துப் பேச்சை இப்படி அப்படியே தாளில் வைக்கலாம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. இரண்டு வருஷம் அந்தப் பழக்காரி என் காதில் திட்டிக்கொண்டே இருந்தாள். அதனால்தான் போன தையில் பேனாவை எடுத்தேன். இதைச் சொல்லத்தான் முதல் கடிதமே எழுத நினைத்தேன். வேறு என்னென்னவோ எழுதிவிட்டேன்.

போட்டிக்கு அனுப்ப இருபது நாள் இருக்கிறது. நான் எழுத நிற்கலாமா என்ற கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

அண்ணி


மணவூர்
17-10-2025

அண்ணிக்கு,

பழக்காரி ஞாபகம் வந்துவிட்டாள். அவள் பெயர் புளியமங்கலத்து ஆயா. நிஜமாகவே திட்டினாள். கொய்யாப் பழம். ஒன்று என் சீட்டுக்கடியில் போய்விட்டது, அதை நான் எடுத்துக் கொடுக்காமல் தின்றுவிட்டேன். அதை நோட்டில் எழுதியிருக்க மாட்டேன், அப்போது வெட்கம்.

முதல் இரண்டு பக்கம் நன்றாக இல்லை என்றதற்கு ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். என் கதைக்கும் முதல் பக்கத்தைக் கையால் மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நீங்கள் பொய்யை ஒப்புக்கொண்டீர்கள். நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். போகிக்கு முன்னால் அந்தத் தகரப்பெட்டியை நான் திறந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணம் ஆன வருஷமே எழுதுவதை விட்டுவிட்டேன். யாரும் தடுக்கவில்லை, குமரேசன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அடுத்தவர் எழுதியதில் பிழை பார்க்கப் பார்க்க, என் கையில் ஒரு வரி வந்தால் அதில் பத்துப் பிழை முன்கூட்டியே தெரிந்தது. எழுதாமல் இருப்பது சுலபமாக இருந்தது. நோட்டுகள் எரிந்தபோது எனக்கு வலித்தது நிஜம். ஆனால் அதோடு ஒரு சௌகரியமும் வந்தது. அச்சகத்தில் யாராவது, “நீங்களே எழுதலாமே மேடம்” என்றால், “எழுதினதெல்லாம் எரிஞ்சிபோச்சிங்க” என்பேன். உச்சுக்கொட்டுவார்கள். அதற்கப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள். உங்களை மன்னித்துவிட்டால் அந்தப் பதில் என்னிடம் இருக்காது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எழுதலாம். எழுதுங்கள். என்னைக் கேட்டதே தப்பு. என்னிடம் இல்லாத ஒன்றுக்கு என்னிடம் அனுமதி கேட்டீர்கள். கதையை உங்கள் பெயரில், முழுப் பெயரில், போட்டிக்கு அனுப்புங்கள். ஜெராக்ஸ் எடுத்துவிட்டு அனுப்புங்கள். பரிசு வந்தாலும் வராவிட்டாலும், அனுப்பிய மறுநாள் அடுத்த கதையை ஆரம்பித்துவிடுங்கள். தபாலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு நின்று வீணாய்ப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். போன மூன்று நாளாகப் போகும்போது ரயிலில் எழுதியது. அந்தப் போகி அன்று நான் திருத்தணிக்கு வந்து இறங்கியதிலிருந்து கிளம்பியது வரை. எழுத்து கோணலாக இருப்பது ரயில் குலுக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருஷமாக மற்றவர்கள் என்னிடம் தாளைக் கொடுத்துவிட்டு ஏன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று இப்போது புரிகிறது. படித்துவிட்டுச் சொல்லுங்கள். நீங்கள் அதில் இருக்கிறீர்கள் என்பதற்காக எதையும் விட்டுவிடாதீர்கள்.

தீபாவளிக்கு வரமாட்டேன். இன்னும் மனசு வரவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அண்ணனிடம், ரயில் மணவூரில் இரண்டு நிமிஷம் நின்றால் இறங்கி வீடு வரைக்கும் வரலாம், அடுத்த வண்டி பின்னாலேயே வரும் என்று சொல்லுங்கள்.

புஷ்பா


திருத்தணி
25-10-2025

அவன் இருக்கிறான், பார்த்துக்கொள்வான். புஷ்பாவுக்கு அண்ணி.

கதையை வியாழக்கிழமை ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டேன். ஒன்பது பக்கம்தான் வந்தது. மீதி ஐந்து பக்கம் முருகனுக்கே சேரட்டும். பெயர் எழுதும் இடத்தில் ‘தமயந்தி ஆனந்தன், திருத்தணி’ என்று எழுதினேன். ஜெராக்ஸ் இரண்டு. ஒன்றைக் கௌரியம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலிலேயே நின்று முழுக்கப் படித்தாள். “அடிப்பாவி, நீயா?” என்று என் தோளில் ஓங்கி ஓர் அடி கொடுத்தாள். இன்னும் வலிக்கிறது. பிறகு, “படியிலயே உட்டுட்டியே, அவ இன்னாதான் ஆனா?” என்று சண்டைக்கு வந்தாள். எனக்குத் தெரியாது என்றால் நம்பமாட்டேன் என்கிறாள். நேற்றுக் காலையில் அடுத்த கதைக்கு நாலு வரி எழுதியாயிற்று.

உன் அண்ணனிடம் நீ சொன்னதைச் சொன்னேன். “ஆங்” என்றார். சாயங்காலம் துர்காவிடம் மணவூரில் எந்தெந்த வண்டி நிற்கும் என்று போனில் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உன் தாளுக்கு வருகிறேன். மூன்று முறை வாய்விட்டுப் படித்தேன். ரயிலிலிருந்து இறங்குவது, ஆட்டோவுக்குக் காத்திராமல் நடப்பது, கையிலிருந்த கரும்புத் துண்டால் பை ஒட்டிக்கொள்வது, எல்லாம் நன்றாக இருக்கிறது. பையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடிக்கும் இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன். நீ எழுதுகிறவள்தான். அதை இனி யாரும் எரிக்க முடியாது.

அதற்கப்புறம் தடுக்கியது. தெருமுனையிலேயே புகை கண்ணைக் கரித்தது என்று எழுதியிருக்கிறாய். நீ வந்தது பத்தரை மணிக்கு. புகை எங்கே இருந்தது? சாம்பலை அள்ளித் தண்ணீர் தெளித்து, அதன்மேல் கோலமும் போட்டுவிட்டேன். நீ அந்தக் கோலத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றி உள்ளே வந்தாய். அதன் அடியில்தான் உன் நோட்டு இருக்கிறது என்று உனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால் நின்று உன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பத்தியில், நான் விஷயத்தைச் சொன்னதும் நீ தூணைக் கட்டிக்கொண்டு கதறி அழுதாய் என்று இருக்கிறது. புஷ்பா, நம் வீட்டில் தூண் ஏது?

நீ அழவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தாய். மூடினாய். நான் சொன்னதைக் கேட்டாய். “காபி இருக்குதா அண்ணி?” என்று கேட்டாய். கொடுத்தேன். ஆற்றி, முழுக்கக் குடித்தாய். பிறகு எழுந்து போய் டம்ளரை நீயே தேய்த்துக் கழுவி, மேடைமேல் கவிழ்த்து வைத்தாய். நீ பிறந்த வீட்டில் ஒருநாளும் டம்ளர் கழுவி வைத்தவள் இல்லை. வைத்த இடத்தில் விட்டுவிட்டு எழுந்து போவாய், நான் முணுமுணுத்துக்கொண்டே எடுப்பேன். கழுவி வைப்பது விருந்தாளிதான். நீ பையை எடுக்கும் முன்பே, அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது நீ இனி வரமாட்டாய் என்று.

அதை எழுது. அழுகையைக் குறுக்கே கோடு போட்டு அடித்திருக்கிறேன், தாளை இதோடு திருப்பி அனுப்புகிறேன். எனக்குக் கஷ்டமாக இருக்குமே என்று பார்க்காதே. அந்தக் கதையில் நான் எவ்வளவு கெட்டவளாக வந்தாலும் வந்துவிட்டுப் போகிறேன்.

தூண் மட்டும் வேண்டாம்.

அண்ணி